மலை பார்த்த சாமான் ரூம்

திருத்தணி மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் போகும் வழியிலுள்ள ஒரு தெருவில், எங்கள் தாத்தா கட்டிய வீட்டின் பின்கட்டில் இருந்த சாமான் ரூம் இப்போது இல்லை. வீட்டோடு சேர்த்து இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் மாடிப்படியும் தண்ணீர் மோட்டாரும் வந்திருக்கின்றன. மேலே மூன்று மாடிகளிலும் பக்தர்கள் தங்குவதற்கான வாடகை அறைகள். வீடு போனதில் சொந்தக்காரர்கள் எல்லோருக்குமே வருத்தம். திண்ணையைப் பற்றிப் பேசினார்கள், கூடத்துத் தூண்களைப் பற்றிப் பேசினார்கள், முற்றத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டார்கள். சாமான் ரூமுக்காக யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வீட்டில் உண்மையாகவே இரங்கத்தக்க சாவு அதனுடையதுதான் என்பதால் நான் எழுதுகிறேன்.

எட்டுக்குப் பத்து இருக்கும். நாட்டோடு வேய்ந்த கூரை, சிவப்புச் சிமெண்டுத் தரை, மரக்கம்பி வைத்த ஒரே ஜன்னல். அந்த ஜன்னலில் மலை தெரியும். வீட்டிலேயே மலை நன்றாகத் தெரிந்த இடம் அதுதான், ஆனால் அங்கே யாரும் மலை பார்க்கப் போனதில்லை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும் வெளியே வரும் பித்தளை அண்டாக்கள், தொட்டில் கட்டை, கால் உடைந்த நாற்காலி, சுருட்டிய கோரைப்பாய், உலக்கை, தகர ட்ரங்குப் பெட்டிகள், அந்தப் பெட்டிகளுக்குள் தெலுங்கில் எழுதிய நிலப் பத்திரங்கள், மூலையில் துணி சுற்றிச் சாத்திய காவடி. ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் காவடியை எடுத்துத் துடைத்துப் பூ கட்டுவோம். மற்றபடி கதவைத் திறப்பதற்குக் காரணமே இருக்காது. எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் இப்படி ஓர் அறை இருந்தது. வேண்டாததைத் தூக்கிப் போடும் வழக்கம் அப்போது இல்லை. உடைந்ததும் ஒருநாள் உதவும் என்று வைத்திருப்பார்கள்.

அந்த அறையைப் பெரியப்பாவுக்கு ஒழித்துக் கொடுத்தவர் எங்கள் ஆயா. பெரியப்பா தமிழாசிரியர். இரவில் எல்லோரும் படுத்த பிறகு கூடத்து மூலையில் விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதுவார். குழந்தை அழும், யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து வருவார்கள், வெளிச்சம் கண்ணில் படுகிறது என்று யாராவது முனகுவார்கள். ஆயா எழுத்தறியாதவர். அவர்தான் ஒருநாள் சொன்னாராம்: "எழுதறவன் முன்னாடி நாலு பேரு போயிட்டும் வந்துட்டும் இருந்தா என்னாத்த எழுதறது நைனா? அந்த சாமான் ரூமை ஒழிச்சிக்கோ." இதைப் பெரியப்பா சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் அவர் குரல் மாறிவிடும்.

இதைச் சொன்னதும் அவர் வள்ளலாருக்குப் போய்விடுவார். தணிகையில், அதாவது எங்கள் திருத்தணியில், பிறந்தவர்களுக்கு அது தெரிந்த கதைதான். சென்னை ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெரு வீட்டில் அண்ணன் சபாபதியின் வளர்ப்பில் இருந்த, பின்னாளில் வள்ளலாரான சிறுவன் இராமலிங்கம் படிப்பில் மனம் வைக்காமல் கந்தகோட்டமே கதியென்று கிடந்தான். அண்ணன் கோபித்து, சோறு போடக் கூடாது என்றார். அண்ணி பாப்பாத்தி அம்மாள் கணவருக்குத் தெரியாமல் சோறு போட்டார். ஒரு திவச நாளில் அவர் கண்கலங்கியதைப் பார்த்து, சரி படிக்கிறேன் என்று ஒப்புக்கொண்ட பையன் கேட்டது ஒரு தனி அறை. மாடியில் அறை கிடைத்தது. சுவரில் கண்ணாடி மாட்டி, விளக்கேற்றி அதன் முன்னால் உட்கார்ந்தான். அந்தக் கண்ணாடியில் தோன்றியவன் தணிகை முருகன் என்பது வரலாறு. பின்னால் தணிகை மேல் அவர் பாடியவை திருவருட்பாவின் ஐந்தாம் திருமுறையில் இருக்கின்றன. முதல் நான்கு திருமுறைகளைத் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867இல் அச்சிட்டார், ஐந்தாவது 1880இல் வந்தது. கண்ணாடிக் காட்சியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஒரு வீடு, பிழைப்புக்கு வழிகாட்டாத ஒரு பையனுக்கு ஓர் அறையைக் கொடுத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சபாபதிப் பிள்ளை கோபக்காரரானாலும் அந்த அறையை வாடகைக்கு விடவில்லை.

எங்கள் ஊருக்குப் பாட்டு புதிதல்ல. அருணகிரிநாதர் இங்கே பாடினார். முத்துசாமி தீட்சிதரின் நாவில் முருகன் கற்கண்டு வைத்தான், முதல் கீர்த்தனை பிறந்தது என்று சொல்வார்கள். தணிகைப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவர் இந்த ஊரில் பிறந்தவர். சந்நிதியில் நின்ற இடத்திலேயே பாட்டு வரக்கூடும். உரைநடை அப்படி வராது. நேற்று விட்ட வரியை இன்று தொடர வேண்டும், எடுத்து வைத்த குறிப்பு வைத்த இடத்திலேயே கிடைக்க வேண்டும், பாதியில் எழுந்து போனால் தாளை யாரும் மடித்து வைக்கக் கூடாது. உரைநடைக்காரனுக்குக் கதவு வேண்டும்.

பெரியப்பா அறையை ஒழித்த விதத்தில் ஒரு பாடம் இருக்கிறது. எல்லாவற்றையும் வெளியே வாரிப் போட்டுவிட்டுப் புதிதாக எதையும் வாங்கவில்லை. நாற்காலி, தொட்டில் கட்டை, உலக்கை எல்லாம் மச்சுக்குப் போயின. பழைய வாசற்கதவின் பலகை ஒன்று கிடந்தது. அதை இரண்டு ட்ரங்குப் பெட்டிகளின் மேல் வைத்தார். சம்மணம் போட்டு மணைமேல் உட்கார்ந்தால் முழங்கைக்குச் சரியான உயரம். ஜன்னல் இடப்பக்கம் வரும்படி பலகையைத் திருப்பிப் போட்டார். வலக்கையால் எழுதுகிறவனுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தால்தான் கையின் நிழல் தாளில் விழாது. மலையை நேரே பார்த்தபடி உட்காரலாமே என்று நான் கேட்டதற்கு, "மலையைப் பார்த்துக்கிட்டே இருந்தா எழுத மாட்டேன்டா, கும்பிட்டுக்கிட்டே இருப்பேன்" என்றார். சுவருக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு. ஓட்டில் ஒரு கண்ணாடி ஓடு பதித்தார், பகலில் விளக்கு வேண்டியதில்லை.

திருத்தணியில் பழைய சுவர்களுக்குக் கறையான்தான் பகை. ட்ரங்குகளைச் செங்கல்மேல் ஏற்றினார். புத்தகங்களுக்கு நடுவே வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும். எழுதி முடித்த நோட்டுகளைப் பெரிய அண்டாவுக்குள் அடுக்கித் தாம்பாளத்தால் மூடினார். எலியும் ஏறாது, ஓட்டு ஒழுக்கும் இறங்காது. காவடியை மட்டும் இருந்த மூலையிலேயே விட்டுவிட்டார். ஊக்கம் தரும் படம், பொன்மொழி எதுவும் சுவரில் இல்லை. எனக்குத் தெரிந்த எழுத்தறைகளில் அதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை.

அங்கே அவர் எழுதியது என்ன? இந்த ஊர் எங்கே போவது என்று தெரியாமல் தவித்த காலத்தைத்தான். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போயிற்று. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகமும், மங்கலங்கிழாரும், எங்கள் ஊர் வழக்கறிஞர் கே. விநாயகமும் வடக்கெல்லைக்காக நின்றார்கள். எல்லைத் தகராறில் பட்டாஸ்கர் தந்த பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பெரிய பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. மறியலுக்குப் போன டீக்கடைக்காரர், நோட்டீசை மடியில் மறைத்துக் கொண்டுபோன நெசவாளி, சிறையிலிருந்து திரும்பி வந்து தறியில் உட்கார்ந்தவர், இவர்களைப் பற்றி யார் எழுதுவார்கள்? பெரியப்பா பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று சைக்கிளில் போய்க் கேட்டு வந்து எழுதினார். கேட்டது பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும் இருக்கும். அதை அப்படியே வைப்பதா, தமிழாக்குவதா என்று அந்த அறையில் மாதக்கணக்கில் தனக்குள்ளேயே வாதாடியிருக்கிறார். கடைசியில் பேசினவர் பேசினபடியே எழுதினார். அது சரியான முடிவு. இந்த ஊர் அப்படித்தான் பேசுகிறது.

வருஷத்தில் சில நாட்கள் அறை அவரிடமிருந்து போய்விடும். ஆடிக் கிருத்திகைக்குச் சித்தூரிலிருந்தும் நகரியிலிருந்தும் சொந்தங்கள் காவடியோடு வந்து இறங்குவார்கள். வீடு முழுக்க ஆள், சாமான் ரூம் முழுக்க மூட்டை. பெரியப்பா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. படித் திருவிழாவுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த அந்த டிசம்பர் 31 இரவில், 365 படிகளிலும் திருப்புகழ் பாடிக்கொண்டு கூட்டம் ஏறும். அந்தப் பாட்டு ஜன்னல் வழியாக வர, அவர் விடியும்வரை எழுதுவார். வருஷத்தின் கடைசி வரியையும் முதல் வரியையும் ஒரே இருப்பில் எழுத வேண்டும் என்பது அவர் ஆசை.

அவர் போன பிறகு அந்த அறைக்குப் பெரியம்மா வந்தார். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பெரியம்மாவின் பிறந்த வீடு புத்தூர்ப் பக்கம், தாய்மொழி தெலுங்கு. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். மத்தியானச் சமையல் முடிந்ததும் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தூங்குகிறார் என்று நினைத்தோம். அவர் அம்மா பாடிய தாலாட்டு, நலுங்குப் பாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். வர்ஜீனியா உல்ஃப் 1929இல் பெண் எழுத வேண்டுமானால் கையில் சொந்தமாகப் பணமும், தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்று வாதாடினார். பெரியம்மாவிடம் பணம் இருந்ததில்லை. அறை கிடைத்ததும் எழுதினார். முப்பது வருஷம் அடுப்படியில் நின்றபோது ஒரு வரி எழுதவில்லையே! அந்தப் பாட்டுகள் அவருக்கு அப்போதும் தெரிந்துதானே இருந்தன? இதை நினைக்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. எங்கள் வீட்டில் அந்த அறை இருபது வருஷம் முன்னதாக அவருக்குத் திறந்திருக்க வேண்டும்.

சாமான் ரூம்கள் ஏன் செத்தன என்பதில் மர்மம் ஏதுமில்லை. திருத்தணியில் சதுர அடிக்கு விலை வந்துவிட்டது. மலையடிவாரத்தில் காலியாக ஓர் அறை இருந்தால் அது கிருத்திகைக்குக் கிருத்திகை காசு. நெசவு ஊர்களில் காலி இடத்துக்கு விசைத்தறி வந்தது. அது சோறு போடுகிறது, அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் சாமான் ரூம் யார் பங்குக்கும் முழுசாக வராது, நடுவில் சுவர் எழும்பும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்த அறைக்கு இடமே கிடையாது. வருமானம் தராத அறை ஒன்றை வீடு வைத்திருக்கலாம் என்ற எண்ணமே போய்விட்டது.

பெரிய வீடுகளுக்கும் இதே கதிதான். உ.வே.சாமிநாதையர் ஏடுகளோடு மாரடித்து வாழ்ந்த திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெரு 'தியாகராச விலாசம்' 2012இல் இடிபட்டது. தமிழ்த் தாத்தாவின் வீட்டுக்கே அந்த நிலை என்றால் எங்கள் பெரியப்பாவின் அறைக்காக யார் வருவார்கள்? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. உ.வே.சா. பதிப்பித்தவை அச்சில் இருக்கின்றன. சின்ன ஊர்களில் சாமான் ரூம்களில் எழுதியவர்களின் எழுத்து, பெரும்பாலும் அந்த அறையில் மட்டுமே இருந்தது.

இப்போது வீட்டில் எழுதுவதற்கு இடம் அமைப்பது பற்றி நிறையப் பேச்சு. கொரோனாவுக்குப் பிறகு மேசை, சுழல் நாற்காலி, அலங்கார விளக்கு எல்லாம் படுக்கையறை மூலைக்கு வந்துவிட்டன. அவை அலுவலகத்தின் நீட்சி. அங்கே உட்கார்ந்தால் அலுவலகம் கூப்பிடும். எழுதுகிற இடத்தில் யாரும் கூப்பிடக் கூடாது, அதுதான் முதல் தகுதி. இரண்டாவது, நேற்று விட்டது விட்டபடி கிடக்க வேண்டும். மூன்றாவது தகுதி என்று ஒன்றிருந்தால், வீட்டிலுள்ள மற்றவர்கள் அதை மனமாரக் கொடுத்திருக்க வேண்டும். ஆயா கொடுத்தது போல, பாப்பாத்தி அம்மாளின் வீடு கொடுத்தது போல.

வீட்டை இடிப்பதற்கு முன்னால் அண்டாக்களைப் பழைய பாத்திரக்காரர் எடைபோட வந்தபோது, உள்ளே இருந்த நோட்டுகளைத் தரையில் கொட்டினார்கள். எனக்கு முன்பே தகவல் வந்திருந்ததால் போய் எடுத்துக்கொண்டேன். பெரியம்மாவின் பாட்டு நோட்டும் அவற்றோடு கிடைத்தது. கதவுப் பலகை கிடைக்கவில்லை. பக்கத்துத் தெருவில் இரண்டு வீடுகளில் சாமான் ரூமில் இருந்த காகிதம் எல்லாம் கிலோக் கணக்கில் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. அவற்றில் என்ன இருந்ததென்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

அதனால் ஒரு வேண்டுகோள். பழைய வீட்டை இடிக்கப் போகிறவர்கள், ஆளை விட்டு ஒழிக்காமல் நீங்களே ஒருமுறை சாமான் ரூமுக்குள் போய் உட்காருங்கள். ட்ரங்கைத் திறந்து பாருங்கள். கையெழுத்து நோட்டு, நோட்டீஸ், கடிதம், கணக்குப் புத்தகம் எதுவானாலும் எடைக்குப் போடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனிமனிதர் வீடு நிறையச் சேர்த்த காகிதங்களிலிருந்துதான் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. அப்படிப்பட்ட இடங்களில் கேளுங்கள். புதிதாக வீடு கட்டுகிறவர்கள், வாடகை வராத ஓர் அறையை, முடியாவிட்டால் கதவு வைத்த ஒரு சின்ன இடத்தையாவது, வரைபடத்திலேயே ஒதுக்குங்கள். அதை வீட்டில் படிக்கிற பிள்ளைக்குக் கொடுங்கள். அதற்கு முன்னால், அடுப்படியில் நிற்கிறவருக்கு எழுத ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.