பொருந்தலின் பாசிமணிகள்

கண்ணாடி ஊதுவதைப் பல்கலைக்கழகத்தில் ஒரு கலையாகப் பயிலலாம் என்னும் எண்ணம் மேலைநாட்டிலும் அண்மைக் காலத்ததே. 1962-இல் அமெரிக்காவின் டொலீடோ அருங்காட்சியக வளாகத்தில் ஹார்வி லிட்டில்டன் என்னும் மட்பாண்டக் கலை ஆசிரியர் சிறியதோர் உலை மூட்டிப் பட்டறை நடத்தினார். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அதன்பின் அதனைப் பாடமாக்கியது. அதுவரை கலைஞன் தாளில் வரைந்து கொடுப்பான். ஊதுபவன் தொழிற்சாலையில் ஊதுவான். வரைந்த கையும் ஊதிய மூச்சும் ஒருவனுடையதாயின என்பதே அங்கு நேர்ந்த புரட்சி.

நம் நாட்டில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் கண்ணாடி வடிவமைப்பு கற்பிக்கப்படுகிறது. தமிழகத்திலோ கண்ணாடி வேறொரு வாயில் வழியாகப் பல்கலைக்கழகத்தை அடைந்தது, மண்ணுக்குள்ளிருந்து!

பழனி மலையடிவாரத்தில், பாலசமுத்திரத்திற்கு அண்மையில் உள்ள சிற்றூர் பொருந்தல். சங்கப் புலவர் பொருந்தில் இளங்கீரனாரின் ஊர் இதுவே என்பர். புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் தம் குழுவினருடன் இங்கு அகழ்ந்தார். ஈமக்குழி ஒன்றில் நெல் நிறைந்த தாழியும் 'வய்ர' என்னும் தமிழ் பிராமிப் பொறிப்புடைய பிரிமணையும் கிடைத்தன. நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டதும் நாளிதழ்கள் பொருந்தலைக் கொண்டாடின. ஒற்றைக் கணிப்பைக் கொண்டு எழுத்தின் காலத்தை முடிவு செய்தலாகாது என அறிஞர் சிலர் எச்சரிக்க, விவாதம் முழுவதும் எழுத்தைச் சுற்றியே சுழன்றது.

அந்த ஆரவாரத்தில் பாசிமணிகள் பின்தங்கிப் போயின. குடியிருப்பு மேட்டில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகள் கிடைத்தன; உலை ஒன்றின் எச்சமும் வெளிப்பட்டது. மணிகள் இங்கு வந்திறங்கிய சரக்கு அல்ல, இங்கேயே உருவானவை என்று அகழ்ந்தோர் கருதியது இதனால்தான். மதுரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே முசிறிக்குச் சென்ற பெருவழியில் அமைந்த ஊர் என்பதையும் உடன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தகைய மணி எவ்வாறு செய்யப்பட்டிருக்கும்? ஏட்டில் விடை இல்லை, கைகளில் இருந்தது. இன்றைய திருப்பதி மாவட்டத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் மணி இழுத்து வந்த தொழிலாளரிடம் பீட்டர் பிரான்சிஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் அதனைக் கண்டு எழுதினார். உள்ளே துளையுள்ள நீண்ட இரும்புக்குழலின் நுனியில் உருகிய கண்ணாடியைத் திரட்டிக் கூம்பாக்குவர். குழலினூடே செலுத்திய கம்பியால் கூம்பில் துளையிட்டு, அது அடைபடாமல் காத்து, உலையின் மறுபுறம் கொக்கியால் நுனியைப் பற்றி இழுப்பர். நூல்போல் நீளும் குழாயிலும் அத்துளை அறாது தொடரும். பின் குழாய்களைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கிச் சாம்பலிலிட்டு மீண்டும் சூடாக்குவர். ஒன்றோடொன்று ஒட்டாமல் விளிம்புகள் மட்டும் உருண்டுவிடும்.

நாம் இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகிறோம். சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் குழல் வழியே ஊதும் உத்தி கி.மு. முதல் நூற்றாண்டில் தோன்றியது. அங்கே மூச்சு பாத்திரமாயிற்று. இங்கே இழுப்பு மணியாயிற்று. அரிக்கமேட்டிலும் விளங்கிய இந்த இழுப்பு முறையே தென்கிழக்காசியா வரை பரவிய மணிகளின் மூலம் எனப் பிரான்சிஸ் கருதினார். அவற்றிற்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' எனப் பெயரிட்டவரும் அவரே.

ஆயின் இழுத்தவன் பெயர் எங்கும் இல்லை. பேகனுக்குப் பாட்டு உண்டு, மணிக்காரனுக்கு இல்லை. 'வய்ர' என்று பெயர் பொறிக்கப்பட்டவர் யார் என ஆராய்ந்த அளவிற்கு, அந்த உலையின் முன் நின்றவர் யாரிடம் பயின்றார் என்று நாம் கேட்கவில்லை. பாப்பாநாயுடுபேட்டை உலைகளைப்போல் கண்ணெதிரே தேய்ந்து வந்த தொழில் ஒன்றின் துணையின்றி, பொருந்தலின் மணிகளை எந்தப் பேராசிரியரும் முழுமையாக வாசித்திருக்க இயலாது.