பாலாற்றுத் தோல் வட்டாரம்: மக்கள்தொகை, வாழ்க்கைத்தரம், சுற்றுச்சூழல்

இது தமிழ்நாட்டில் பாலாற்றுப் படுகையின் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல், காலணித் தொழில் வட்டாரம். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்படும்வரை இவை எல்லாம் அதில் இருந்தன. அம்மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-ல் 34.77 லட்சம், 2011-ல் 39.36 லட்சம். பத்தாண்டில் சுமார் 13 விழுக்காடே கூடியது. இங்கே நிலத்தடி நீர் கெட்டதற்கு மக்கள் பெருக்கத்தின் மேல் பழிபோட வழியில்லை.

முன்பு ஆவாரம்பட்டைச் சாற்றில் தோல் பதனிட்டார்கள். 1970-களில் மத்திய அரசு பச்சைத்தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுப்பதத் தோலுக்கும் காலணிக்கும் ஊக்கம் தந்தது. விரைவாகப் பதமாக்கும் குரோமிய உப்பு பரவியது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அந்த வேகத்தில் வளரவில்லை. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர், குரோமியப் பதனிடலில் சுமார் 170 வகை ரசாயனம் என்பது 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே உள்ள கணக்கு. பேச்செல்லாம் குரோமியத்தைப் பற்றி. தொல்லையில் அதற்குக் குறையாதது சாதாரண உப்பு. கெடாமலிருக்க உப்பிட்டு வரும் தோலை டேனரியில் (பதனிடும் ஆலையில்) முதலில் ஊறவைத்து அலசுவார்கள். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பாலாற்றில் அந்த நீரை அடித்துச்செல்ல ஓட்டமில்லை. அது மணலுக்குள் இறங்கிக் கிணறுகளில் சேர்ந்தது. தோல் தொழிற்பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதாக அதே தீர்ப்பு குறிப்பிடுகிறது.

காலணித் தொழிற்சாலைகள் சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்கு மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் தந்தன. கிணறு உப்பேறிய கிராமங்களும் அவற்றுள் உண்டு. எனவே ஆலையை மூடச் சொல்லும் குரல் ஊருக்குள் ஒன்றுபடுவது கடினம். காலணிகளில் பெரும்பங்கு ஐரோப்பாவுக்குப் போகிறது. அங்குள்ளோர் வாழ்க்கைத்தரத்தின் கழிவு இங்கே தங்குகிறது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு 28 ஆகஸ்ட் 1996 அன்று, மேலே சொன்ன தீர்ப்பை அளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும், தீங்குக்கு முன்பே தடுக்க வேண்டும் என்னும் கோட்பாடுகள் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஐந்து மாவட்டங்களின் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சேதத்தோடு ஒப்பிட்டால் சொற்பத் தொகை. 30 ஜனவரி 2025 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று விவசாயிகளின் இழப்பீடு குறித்து மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

இடையே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவுநீரை வெளிவிடாத முறையும் வந்தன. 31 ஜனவரி 2015 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் அத்தகைய நிலையத்தின் கசடுத்தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். கழிவுநீரை வெளிவிடாத முறையில் சவ்வின் ஊடாக வடித்த நீரை மறுபடி பயன்படுத்தலாம். ஆவியாக்கியபின் மிஞ்சும் கலப்பு உப்பை வாங்குவார் இல்லாததால் அது நிலைய வளாகங்களில் குவிந்து கிடக்கிறது.