கலகெதரக் கணவாயும் தேசப்படத்தின் உடைமையும்

கண்டியிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் வீதியில் கலகெதர அமைந்துள்ளது. கண்டி இராச்சியத்தின் வாயில்களுள் ஒன்றாக விளங்கிய இக்கணவாயை முன்வைத்து, நிலம்பற்றிய அறிவு யாருடைய உடைமை என்னும் வினாவை நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

1660 முதல் 1679 வரை அவ்விராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், அங்குள்ள பாதைகள் ஒருவர்பின் ஒருவராகவே செல்லத்தக்க ஒடுக்கமுடையன என்றும், அவை அகலமாவதை அரசன் விரும்பவில்லை என்றும் எழுதினார். பாதையை மறைத்தலே அரசின் அரணாயிற்று. 1800 இல் ஆங்கிலேயர் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினர். 1803 பெப்ரவரியில் அவர்தம் படை கலகெதரக் காவலரணைக் கைப்பற்றிக் கண்டியுட் புகுந்தது. அவ்வாண்டிலேயே அப்படை முறியடிக்கப்பட்டதாயினும், 1815 இல் இராச்சியம் வீழ்ந்தது.

படை தொடங்கியதை அளவைச் சங்கிலி நிறைவுசெய்தது. உரிமை நிறுவப்படாத காடுகளும் சேனை நிலங்களும் முடிக்குரியன என 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கொண்டது. அளந்து எல்லையிடப்பட்ட நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. துரைமார் இட்ட தோட்டப்பெயர் ஆவணமேறியது. தொழிலாளர் வழங்கிய தமிழ்ப்பெயரோ பெரும்பாலும் வாய்வழக்காகவே நின்றது.

இந்நிலையில், 2004 இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ எனும் இணையத் தேசப்படம் நமது கவனத்துக்குரியது. எவரும் அதில் வரையலாம். அதன் தரவுகளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஓரிடத்தின் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பெயர்கள் அருகருகே இடம்பெறவும் அது வழிசெய்கின்றது. மட்டக்களப்பு மண்முனை வடக்கில் உள்ள கட்டடங்கள், உலக வங்கியின் துணையுடன் இவ்வாறே அனர்த்த முகாமைக்காகப் பதிவுபெற்றன. மாணவர் பழைய அளவைப் படங்களை இதன்மேற் பொருத்தி, மறைந்த ஒற்றையடிப் பாதைகளையும் தேடலாம்.

இது வெறும் ஆய்வு நாட்டமன்று. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் லயன் குடியிருப்புகள் மண்ணுட் புதைந்தன. அத்தகைய வேளையில், எந்த லயம் எங்குள்ளது, அதனை மக்கள் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பன உயிர்பற்றிய வினாக்களாகின்றன.

எனினும், திறந்த தரவு தானாகவே சமத்துவத்தைத் தந்துவிடாது. கருவியும் ஓய்வுநேரமும் உடையவரே முதலில் வரைகின்றனர். பெருநிறுவனங்களும் அத்தரவுகளைப் பயன்கொள்கின்றன. ஆகவே, மலையகத்தின் பெயர்களை அங்கு வாழ்வோரே எழுதுதற்குத் துணைநிற்றல் பல்கலைக்கழகத் தமிழ் மாணவரின் உடனடிக் கடமையென நாம் கருதுகின்றோம்.