கங்கைக் கரையின் குருநாடும் பாலாற்றங்கரையின் பாரதமும்

வேலூரை அடுத்த அணைக்கட்டு வட்டாரச் சிற்றூர்களில் கோடைதோறும் அக்கினி வசந்த விழா நடைபெறுகின்றது. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, முடிவில், களிமண்ணால் வனைந்த துரியோதனன் உருவம் கிடக்கும் படுகளம். வடக்கே தொலைதூரத்தில் கங்கைக் கரையை ஆண்ட ஓர் அரசகுலத்தின் வீழ்ச்சி, பாலாற்று நாட்டு உழவரின் சொந்த வீட்டுத் துக்கமாக அனுசரிக்கப்படுவது வியப்பன்றோ?

இளம் ஊழியராக இருந்த நாளில், இவ்விழாக் காலத்தில் ஆற்றிய பிரசங்கமொன்றில், பாரதம் கட்டுக்கதை, வேதாகமமோ வரலாறு என்று நாம் முழங்கினோம். கேட்டிருந்த முதியவர் ஒருவர் அமைதியாக வினவினார்: "ஐயரே, அத்தினாபுரத்தைத் தோண்டிப் பார்த்தாங்களா? உங்க ஊருங்களையும் தோண்டிப் பார்த்தாங்களா?" அன்று நம்மிடம் விடை இல்லை. அவ்விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நூல்கள் கூறுவன

ரிக்வேதத்தில் பரதர், பூரு என்னும் குலத்தார் வடமேற்கின் ஆற்றங்கரைகளில் காணப்படுகின்றனர். இன்று ராவி எனப்படும் பருஷ்ணி ஆற்றங்கரையில் பரதர் தலைவன் சுதாசன் பத்து அரசரை எதிர்த்து வென்றான். பின்னர் இவ்விரு குலங்களும் இணைந்தே குரு என்னும் பெருங்குடி உருவாயிற்று என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அக்குடியின் நாடு யமுனை, கங்கை ஆறுகளின் மேற்பகுதியில் அமைந்தது. அதற்குக் கிழக்கே பாஞ்சாலம் இருந்தது.

அதர்வவேதம் பரிட்சித்து மன்னனின் ஆட்சியைப் புகழ்கின்றது. சதபத பிராமணம் சனமேசயனின் குதிரை வேள்வியைக் குறிக்கின்றது. ஆனால் பாண்டவர் ஐவரைப் பற்றி நான்கு வேதங்களில் ஒரு சொல்லும் இல்லை. பாரத இதிகாசமோ ஏறத்தாழ கி.மு. 4 முதல் கி.பி. 4 ஆம் நூற்றாண்டு வரை சிறுகச் சிறுக வளர்ந்த நூல். ஆகவே குருநாடு வரலாறே; கதைத்தலைவர் ஐவரோ பிற்கால நூல்களிலேயே நம்முன் வருகின்றனர்.

2. மண் கூறுவது

1950 முதல் 1952 வரை, இந்தியத் தொல்லியல் துறையைச் சார்ந்த பி. பி. லால், மீரட் மாவட்டத்து அத்தினாபுரத்தில் அகழ்வாய்வு நடத்தினார். மாடமாளிகைகள் வெளிப்படவில்லை. மண்சுவர்களும், நாணல் தட்டியில் மண் பூசிய குடில்களின் எச்சங்களும், வண்ணக்கோடுகள் தீட்டிய சாம்பல்நிற மட்கலங்களும், நெல்லும், குதிரை எலும்புகளும் கிடைத்தன. இதைவிடச் சிறப்பான சான்று ஒன்றும் உண்டு. அக்குடியிருப்பின் பெரும்பகுதியைக் கங்கை வெள்ளம் அரித்துச் சென்ற தடயம் தெளிவாகத் தெரிந்தது.

பரிட்சித்தின் வழிவந்த நிசட்சு மன்னன் காலத்தில் கங்கை அத்தினாபுரத்தைக் கொண்டுபோகவே, தலைநகர் யமுனைக் கரையிலுள்ள கோசாம்பிக்கு மாற்றப்பட்டது எனப் புராணங்கள் கூறுகின்றன. கொங்குவேளிரின் பெருங்கதைக்குத் தலைவனான உதயணன் இக்கோசாம்பியின் மன்னனே. லால் அவர்கள் வெள்ளத்தையும் புராணச் செய்தியையும் இணைத்தார், அம்மட்கலங்களுக்குக் கி.மு. 1100 முதல் 800 வரை காலம் குறித்தார். பின்வந்தோருள் சிலர் அதனைப் பிற்காலத்ததாகக் கொள்வர். எவ்வாறாயினும், வெள்ளம் மெய்ப்பிக்கப்பட்டது. மன்னன் பெயர் மெய்ப்பிக்கப்படவில்லை. மட்கலம் தன்னை வனைந்த குலத்தின் பெயரைச் சொல்லுவதில்லை.

3. பாலாற்றுக்கு வந்த கதை

கி.பி. 7 ஆம் நூற்றாண்டிலேயே இக்கதை நம் ஆற்று நாட்டில் வேரூன்றிவிட்டது. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு, பாலாற்றிலிருந்து ஏரிக்குக் கால்வாய் வெட்டியதைக் கூறுகின்றது. மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் பங்கு ஒதுக்குகின்றது. நீரையும் கதையையும் ஊர் வாழ்வுக்கு வேண்டியவையாக ஒரே ஏட்டில் வைத்தனர் அன்றையோர். ஆறு ஊரை அழிக்கும் என்பதும் இம்மக்களுக்குப் புதிதன்று. மணற்காடாகக் கிடக்கும் இப்பாலாறே 1903 ஆம் ஆண்டு பெருகி வாணியம்பாடியில் பேரழிவு விளைவித்தது.

4. ஒரே அளவுகோல்

முதியவரின் இரண்டாம் வினாவுக்கு வருவோம். எரிகோவில் 1930களில் தோண்டிய ஜான் கார்ஸ்டாங், யோசுவா காலத்து மதிலைக் கண்டதாக அறிவித்தார். 1952 முதல் 1958 வரை அங்கு ஆய்ந்த கேத்லீன் கென்யன், அம்மதில் பல நூற்றாண்டுகள் முந்தியது எனக் காட்டினார். யோசுவாவின் காலமெனப் பலரும் கொள்ளும் கி.மு. 13 ஆம் நூற்றாண்டில் அங்கு மதில் சூழ்ந்த நகர் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

அத்தினாபுரத்தில் அரண்மனை இல்லையென்று நகைப்பவர், எரிகோவின் மதிலைப் பற்றி மௌனம் காப்பது நேர்மையாகாது. எரிகோவை ஆழ்ந்து பொருள்கொள்ள வேண்டுமென்பவர், பாரதத்தைக் கட்டுக்கதையெனத் தள்ளுவதும் முறையன்று. ஓர் இனம் தன் நினைவைக் கதையாக வளர்க்கும்போது, நிகழ்ந்ததும் நிகழ்ந்ததன் பொருளும் பிரிக்கவியலாதவாறு கலந்துவிடுகின்றன. அவற்றைப் பொறுமையுடன் பிரித்தறிவதே வரலாற்று மாணவன் கடமை.

"தோண்டினார்கள் ஐயா; இரண்டு இடத்திலும் தோண்டினார்கள். நாம் எதிர்பார்த்தது இரண்டு இடத்திலும் கிடைக்கவில்லை" என்பதே அம்முதியவருக்கு நாம் அன்று கூறியிருக்க வேண்டிய விடை. அவ்விடையை அஞ்சாமல் கூறக்கூடியவரே, படுகளத்தருகே அமர்ந்திருக்கும் மக்களுடன் உரையாடத் தகுதி பெற்றவராவார்.