கால் அங்குலத்துக்கும் குறைவு: மான் வேட்டையில் சிறு காலிபர் குண்டுகளின் வரலாறு

அமெரிக்காவின் வின்செஸ்டர், ரெமிங்டன் நிறுவனங்கள் 1955ஆம் ஆண்டில் ஆளுக்கொரு புதிய தோட்டாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. ஒன்று .243 வின்செஸ்டர், மற்றது .244 ரெமிங்டன். பெயரில் எண் மாறினாலும் இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றுதான்: 0.243 அங்குலம், அதாவது 6.17 மில்லிமீட்டர். வெடிமருந்து கொள்ளும் அளவில் ரெமிங்டனுடையது சற்றுப் பெரியது; வேகத்திலும் அது இளைத்ததில்லை. ஆனாலும் எட்டே ஆண்டுகளில் .244 என்ற பெயரையே ரெமிங்டன் கைவிட வேண்டியதாயிற்று. .243 இன்றுவரை மான் வேட்டைக்காரர்களின் கையில் இருக்கிறது. இந்தத் தோல்வியின் காரணத்தைத் தேடிப் போனால், மான் வேட்டைக்குச் சிறு காலிபர் போதுமா என்ற நூறாண்டு வழக்கில் இரு தரப்பும் தவறான இடத்தில் நின்று வாதாடியது தெரியவரும். எல்லோரும் விட்டத்தை அளந்துகொண்டிருந்தார்கள். முடிவு செய்ததோ குண்டின் உள்ளமைப்பும், குண்டைச் சுழலவைக்கும் குழலின் முறுக்கும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் மான் வேட்டை குற்றம். ஆகவே இது பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டானிய வரலாறு. ஆனால் அதன் தொடக்க முடிச்சுகளில் ஒன்று கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் விழுந்தது.

கரிமருந்துக் காலத்தில் வேகத்தைக் கூட்ட வழியில்லாததால் வேட்டைக்காரர்கள் குண்டைப் பெரிதாக்கினார்கள். அரை அங்குல ஈயக்குண்டு சாதாரணம். 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய் புகையில்லா மருந்தை உருவாக்கியதும் கணக்கு மாறியது. புதிய வேகத்தில் வெறும் ஈயம் குழலுக்குள்ளேயே உரிந்து ஒட்டிக்கொண்டது. சுவிட்சர்லாந்தின் எட்வார்ட் ரூபின் வழிகாட்டியபடி ஈயத்துக்குச் செம்பு உறை போட்டார்கள். உறை போட்ட குண்டு குழலுக்கு நல்லது, வேட்டைக்கு ஆகவில்லை. உடலின் ஒரு பக்கம் நுழைந்து, விரியாமல் மறுபக்கம் போய்விட்டது. 1890களில் டம்டம் ஆயுதச் சாலையில் .303 குண்டின் மூக்கில் உறையைத் திறந்து ஈயத்தை வெளியே தெரியவிட்டார்கள். பட்ட இடத்தில் குண்டு விரிந்தது. மனித உடலில் அது செய்த கொடுமையைப் பார்த்து, 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாடு விரியும் குண்டுகளைப் போரில் தடை செய்தது. வேட்டையில் நியாயம் தலைகீழ். விரியாத குண்டு பட்ட மான் உடனே சாகாது. புதருக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடிக்கும். அதனால்தான் இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் மென்மூக்குக் குண்டோ குழிமூக்குக் குண்டோதான் வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. போர்ச் சட்டம் விலக்கியதை வேட்டைச் சட்டம் கேட்கிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: வேதனையைக் குறைப்பது.

வேகம் என்ற புதுச் செல்வத்தை முதலில் செலவழித்தவர் சார்ல்ஸ் நியூட்டன். சாவேஜ் நிறுவனத்துக்காக 1912இல் 70 கிரெய்ன் குண்டு கொண்ட .22 ஹைபவரையும், 1915இல் நொடிக்கு 3000 அடி வேகம் எட்டிய .250-3000 தோட்டாவையும் வடிவமைத்தார். கிரெய்ன் என்பது 0.065 கிராம், நம் தட்டார்கள் பொன் நிறுத்த குன்றிமணியின் எடையில் ஏறத்தாழப் பாதி. சீனத்தின் ஃபூஜியன் பகுதியில் ஹாரி கால்டுவெல் என்ற அமெரிக்கப் பாதிரியார் இந்த .22 ஹைபவரால் புலிகளைச் சுட்டார். அந்தப் புகழ் சிறு காலிபருக்குப் பெரிய விளம்பரமாயிற்று. நெருங்கிச் சென்று, நிதானித்துச் சுடும் ஒருவரின் கைத்திறனை மற்றவர்கள் தோட்டாவின் வரவில் எழுதிக்கொண்டார்கள் என்பது என் கருத்து.

1930இல் .22 ஹார்னெட் வந்தது. 1935இல் வின்செஸ்டரின் .220 ஸ்விஃப்ட் 48 கிரெய்ன் குண்டை நொடிக்கு 4000 அடிக்கு மேல் செலுத்தியது. மூன்று கிராம் எடை, ஒலியைப் போல் மூன்றரை மடங்கு வேகம். வயலில் வளை தோண்டும் வுட்சக் போன்ற சிறு விலங்குகளுக்காகச் செய்த தோட்டா இது. சிலர் இதை மானின் மேல் திருப்பினார்கள். சில மான்கள் நின்ற இடத்திலேயே விழுந்தன. சில, தோளில் அகன்ற புண்ணோடு ஓடின.

இந்த முரண்பாட்டுக்கு விடை மானின் உடலிலும் குண்டின் உறையிலும் இருக்கிறது. மானின் உயிர்நிலை முன்னங்காலுக்குப் பின்னால், விலாக்கூட்டுக்குள் இருக்கும் நுரையீரலும் இதயமும். குண்டு தோலையும் விலாவையும் கடந்து, உள்ளே விரிந்து, இரண்டு நுரையீரல்களையும் துளைத்தால் மான் சில நொடிகளில் விழும். மெல்லிய உறை கொண்ட குண்டு விலா எலும்புகளுக்கு இடையில் புகுந்தால் இந்த வேலையைச் செய்துவிடும். தோள் எலும்பில் பட்டால் அங்கேயே தூள்தூளாகச் சிதறும். வெளியே பார்க்கக் கோரமான புண். உள்ளே நுரையீரலில் கீறல்கூட இருக்காது. அந்த மான் அன்றே சாவதில்லை. காலை இழுத்துக்கொண்டு நாள்கணக்கில் அலைந்து சாகும். சிறு காலிபர் விவாதத்தில் இதை மறந்து வேகத்தையும் ஆற்றலையும் மட்டும் பேசுகிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

தீர்வு பெரிய காலிபர் உலகத்திலிருந்து வந்தது. 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் சேறு அப்பிய மூஸ் என்ற பெரிய மான் ஒன்றைச் சுட்டார். அவருடைய .300 துப்பாக்கியின் அதிவேகக் குண்டுகள் ஆழமாக இறங்காமல் மேலேயே சிதறின. ஊர் திரும்பியதும் குண்டின் நடுவே செம்பாலேயே ஒரு தடுப்புச் சுவர் வைத்தார். 1948இல் பார்ட்டிஷன் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. நெடுக்காக அறுத்த பார்ட்டிஷன் குண்டைக் கையில் வைத்துப் பார்த்தால் விஷயம் ஒரு நொடியில் விளங்கும். ஆங்கில எச் எழுத்தைப் படுக்கப் போட்டதுபோல் செம்பு. அதன் இரு பள்ளங்களிலும் சாம்பல் நிற ஈயம். முன்பாதி விரிந்து கரையும். சுவரை எட்டியதும் விரிவு நிற்கும். பின்பாதி எடை குறையாமல் உள்ளே போகும். இதே அமைப்பு பின்னாளில் .22 விட்டத்தில் 60 கிரெய்ன் குண்டுக்கும் இறங்கி வந்தது. 48 கிரெய்ன் ஸ்விஃப்ட் குண்டுக்கும் இதற்கும் விட்டம் ஒன்றே. மானின் தோளில் இரண்டும் செய்யும் வேலை வெவ்வேறு.

இப்போது 1955க்குத் திரும்பலாம். .243ஐப் பிரபலப்படுத்தியதில் பத்திரிகையாளர் வாரன் பேஜுக்கும், .244இன் மூலவடிவை உருவாக்கியதில் ஃபிரெட் ஹண்டிங்டனுக்கும் பங்குண்டு. ரெமிங்டன் தன் தோட்டாவைச் சிறு விலங்குகளுக்கானது என்றே கருதியது. 75, 90 கிரெய்ன் குண்டுகள். குழலில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கு. வின்செஸ்டர் 80 கிரெய்னோடு 100 கிரெய்ன் குண்டையும் தந்து, முறுக்கைப் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக இறுக்கியது. இந்த இரண்டு அங்குலத்தில்தான் எல்லாம் இருந்தது. பம்பரம் மெதுவாகச் சுற்றினால் தள்ளாடும். உயரமான பம்பரம் இன்னும் சீக்கிரம் தள்ளாடும். 1879இல் பிரிட்டானியக் கணிதவியலாளர் ஆல்ஃபிரெட் ஜார்ஜ் கிரீன்ஹில் இதற்குச் சூத்திரம் தந்தார்: விட்டத்தின் வர்க்கத்தை நீளத்தால் வகுத்து 150ஆல், அதிவேகக் குண்டுக்கு 180ஆல், பெருக்க வேண்டும். 0.243 அங்குல விட்டத்தில் 100 கிரெய்ன் கூர்முனைக் குண்டின் நீளம் ஏறத்தாழ ஓர் அங்குலம். விடை சுமார் பத்தரை அங்குலம்; முறுக்கின் ஒரு சுற்று அதற்குள் முடிய வேண்டும். வின்செஸ்டரின் குழலுக்கு அது அடங்கும். ரெமிங்டனின் குழலுக்கு அடங்காது. ஒரே துப்பாக்கியில் கயோட்டி போன்ற இரைகொல்லியையும் மானையும் வேட்டையாட நினைத்தவர்கள் .243 பக்கம் போனார்கள். 1963இல் ரெமிங்டன் முறுக்கை 9 அங்குலமாக இறுக்கி, 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயரையும் மாற்றியது. அதற்குள் சந்தை கைமாறிவிட்டிருந்தது.

கயோட்டி, நரி போன்ற இரைகொல்லிகளுக்குத் தேவை வேறு. கயோட்டியின் எடை பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ, மார்பு குறுகலானது. தோலுக்காக வேட்டையாடுகிறவருக்கு மறுபக்கம் பெரிய ஓட்டை விழக் கூடாது. மானுக்குக் குறையாக இருந்த மெல்லிய உறை இங்கே குணமாகிறது: சிறு துளையில் நுழைந்து, உள்ளேயே சிதறி, வெளியேறாமல் அடங்கும் குண்டு. 1950இன் .222, 1964இன் .223, 1965இல் ரெமிங்டன் தரப்படுத்திய .22-250 ஆகியவை இந்த வேலையில் நிலைபெற்றன. .243 வாங்கியவர்கள் செய்த பெரிய பிழை, கயோட்டிக்கான குண்டுப் பெட்டியோடு மான் பருவத்துக்கும் போனதுதான்.

முறுக்குக் கணக்கு ஈயத்தின் நச்சு வழியாக மீண்டும் முன்னுக்கு வந்தது. 1982இல் கலிஃபோர்னியா காண்டார் கழுகுகள் உலகில் 22 மட்டுமே எஞ்சியிருந்தன. வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற குடலிலும் சடலங்களிலும் இருந்த ஈயத் துணுக்குகள் அவற்றின் சாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. கலிஃபோர்னியா 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயக் குண்டை முற்றிலும் தடை செய்தது. பார்ன்ஸ் நிறுவனத்தின் ராண்டி ப்ரூக்ஸ் 1989இலேயே சந்தைப்படுத்திய, ஈயமே இல்லாத செம்புக் குண்டு இப்போது அவசியமாயிற்று. அது நான்கு இதழ்களாக விரியும், எடையைப் பெரிதும் இழக்காது; சிறு காலிபருக்கு மிகப் பொருத்தம். ஆனால் ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பினுடையது 8.9. அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகும். நீளம் கூடினால் முறுக்கு இறுக வேண்டும். ரெமிங்டன் 1955இல் மாட்டிக்கொண்ட இடத்தில், 10 அங்குல முறுக்கோடு இருக்கும் .243 துப்பாக்கிகள் மாட்டிக்கொண்டன. 100 கிரெய்ன் செம்புக் குண்டை அவற்றால் நிலையாகச் செலுத்துவது கடினம்.

சட்டங்கள் இதைத் தாமதமாகவே கண்டுகொள்கின்றன. கொலராடோ மாநிலம் இன்றும் மானுக்கு .24 காலிபர் வேண்டும் என்று விட்டத்தைத்தான் அளக்கிறது. வர்ஜீனியாவில் அது .23. அந்த எல்லைக்கு மேல், மானின் தோளில் சிதறிப்போகும் குண்டை ஏற்றிச் செல்வதை விட்டக் கணக்கால் தடுக்க முடியாது. ஸ்காட்லாந்து சரியான திசையில் ஓர் அடி வைத்திருக்கிறது. 1985ஆம் ஆண்டின் ஆணை, சிறிய ரோ மான் தவிர மற்ற மான்களுக்கு 100 கிரெய்ன் குண்டு வேண்டும் என்றது. ஈயமற்ற குண்டுகளுக்கு இடம் தருவதற்காக, 2023இல் அந்த வரம்பு 80 கிரெய்னாகக் குறைக்கப்பட்டது.