பெயரும் கூலிதான்: வீடியோ கேம் ஸ்டுடியோக்களில் கிரெடிட்ஸும் கிரஞ்சும்

ஒரு கேமை ஆடி முடித்ததும் திரையில் ஓடும் பெயர்ப் பட்டியலை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. ஸ்டுடியோ வேலையைப் பற்றிப் பேசுபவர்களும் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ரிலீஸுக்கு முந்தைய மாதங்களில் இரவு பகலாக வேலை வாங்கும் ‘கிரஞ்ச்’, அதற்குக் கிடைக்காத ஓவர்டைம், ரிலீஸ் முடிந்த கையோடு வரும் ஆட்குறைப்பு ஆகியவைதான் பேசுபொருள். கிரெடிட்ஸில் பெயர் வருமா வராதா என்பது மரியாதை சார்ந்த சின்ன விஷயமாகக் கடைசிப் பத்தியில் ஒதுங்கும். இக்கட்டுரை அப்படிக் கருதவில்லை. பெயர் கூலியின் ஒரு பகுதி. அதுவும் வேலை முடியும்வரை நிறுவனம் தன் கையில் பிடித்துவைத்திருக்கும் பகுதி. கிரஞ்சிலிருந்து ஆட்கள் எழுந்து போகாமல் இருப்பதற்கு அந்தப் பிடியும் ஒரு காரணம்.

தொழிலின் தொடக்க காலத்திலேயே இது வெளிப்பட்டுவிட்டது. 1970களின் இறுதியில் அட்டாரியில் ஒரு கேமுக்கு ஒரே ஆள்தான். கற்பனை, படம், ஒலி, புரோகிராம் எல்லாம் அவர் வேலை. கார்ட்ரிட்ஜ் பெட்டியில் மட்டும் அவர் பெயர் இருக்காது. நிறுவனத்தை வார்னர் 1976இல் வாங்கியிருந்தது. ஜவுளித் துறையிலிருந்து வந்த ரே கஸார் தலைமைப் பொறுப்பில் இருந்தார். டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி கேப்லன் ஆகிய நால்வரும் விற்பனையில் பங்கும் பெட்டியில் பெயரும் கேட்டார்கள். கார்ட்ரிட்ஜைப் பூட்டும் தொழிலாளிக்கு எவ்வளவு பங்கோ உங்களுக்கும் அவ்வளவுதான் என்ற பொருளில் பதில் வந்ததாகக் கிரேன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1979இல் அவர்கள் வெளியேறித் தொடங்கியதுதான் ஆக்டிவிஷன். அதன் கேம்களோடு வந்த கையேட்டில் வடிவமைத்தவரின் பெயரும் படமும் இருந்தன.

அட்டாரி பெயரை மறைத்ததை ஆணவம் என்று மட்டும் சொல்லி முடிப்பது தவறு. பெயர் வெளியே தெரிந்தால் போட்டியாளர் வந்து ஆளைத் தூக்கிவிடுவார் என்ற கணக்கு அதில் உண்டு. 1980களில் ஜப்பானிய நிறுவனங்கள் பல தங்கள் ஊழியர்களைப் புனைபெயரில் மட்டும் கிரெடிட்ஸில் விட்டதும் இதே கணக்கில்தான். சந்தையில் விலை இல்லாத ஒன்றை யாரும் இப்படிப் பூட்டிவைக்க மாட்டார்கள்.

அதே அட்டாரியில் இருந்த வாரன் ராபினெட் செய்ததை இந்த இடத்தில் சற்று உற்றுப் பார்க்கலாம். அவருடைய ‘அட்வெஞ்சர்’ நான்கு கிலோபைட்டுக்குள் அடங்கிய கேம். கறுப்புக் கோட்டைக்குள் இருக்கும் புதிர்வழியில், பாலத்தைக் கொண்டுபோய் வைத்தால் மட்டும் நுழையக்கூடிய மூடிய அறை ஒன்றை அவர் வைத்தார். அங்கே ஒரே ஒரு சாம்பல் புள்ளி கிடக்கும். பின்னணியும் சாம்பல் நிறம் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. தடவித்தான் எடுக்க வேண்டும். அதை மஞ்சள் கோட்டைக்குக் கீழே உள்ள பாதைக்குத் தூக்கிவந்து, கூடவே வேறு பொருள்களையும் அங்கே சேர்த்தால், சுவராக நின்ற கோடு வழிவிடும். அதற்கு அப்பால் ஓர் அறை; நடுவில் நெட்டுக்குத்தாக, இதை உருவாக்கியவர் வாரன் ராபினெட் என்ற வாசகம். அலுவலகத்தில் ஒருவரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. யூட்டா மாநிலத்துச் சிறுவன் ஒருவன் கண்டுபிடித்து அட்டாரிக்குக் கடிதம் எழுதியபோது ராபினெட் வேலையை விட்டே போயிருந்தார். சிப்பை மாற்றி அச்சடிப்பது செலவு என்பதால் நிறுவனம் அதை அப்படியே விட்டுவிட்டது. இன்று ரசிகர்கள் இதை ஒரு குறும்பாகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு இது வராத பாக்கியைத் தானே எடுத்துக்கொண்ட செயலாகத்தான் படுகிறது.

பெயர் எப்படிக் கூலியாகிறது? பெரிய ஸ்டுடியோக்களின் வேலை அறிவிப்புகளில் ‘ரிலீஸான கேம் குறைந்தது ஒன்று’ என்ற தகுதி சர்வசாதாரணம். செய்த வேலையை வெளியில் காட்டவோ ரகசிய ஒப்பந்தம் விடாது. மூன்று வருடம் ஒரு காட்டை மரம் மரமாக வரைந்தவருக்கு, அதற்கான பொதுச் சான்று கிரெடிட்ஸில் வரும் ஒரு வரிதான். அடுத்த வேலையின் சம்பளம் அந்த வரியில் தொங்குகிறது.

அந்த வரியை யார், எப்போது தருவது? 2018இல் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ வெளிவந்தபோது, ரிலீஸுக்கு முன் விலகியவர்களைக் கிரெடிட்ஸில் சேர்ப்பதில்லை என்பது தன் நெடுநாள் கொள்கை என்று ராக்ஸ்டார் ஒப்புக்கொண்டது. குழுவைக் கடைசிவரை நிற்கவைப்பதற்கே அப்படி என்பது அதன் விளக்கம். விலகியவர்களுக்கு இணையதளத்தில் தனியாக நன்றி சொல்லப்பட்டது. நான் இங்கே நிறுவ முயல்வதை நிறுவனமே தன் வாயால் சொல்லிவிட்டது. அதே மாதத்தில்தான், வாரத்துக்கு நூறு மணிநேர உழைப்பைப் பற்றி ராக்ஸ்டாரின் இணை நிறுவனர் டான் ஹவுசர் பேட்டியில் சொன்னது சர்ச்சையாகி, எழுத்துக் குழுவின் மூத்தவர்கள் நால்வர் மூன்று வாரம் உழைத்ததையே குறிப்பிட்டேன் என்று அவர் விளக்கம் தர வேண்டியிருந்தது. ஸ்பெயினின் மெர்க்குரிஸ்டீம் வேறொரு அளவுகோல் வைத்திருந்தது: 2021இல் வந்த ‘மெட்ராய்ட் டிரெட்’ உருவான காலத்தில் 25 சதவீதமாவது வேலை செய்தவருக்கே பெயர்.

கிரஞ்சுக்குத் திட்டமிடத் தெரியாததே காரணம் என்பது வழக்கமான எதிர்வாதம். அதில் உண்மை இருக்கிறது. கேம் ஆடச் சுவையாக இருக்கிறதா என்பது பாதி கட்டிய பிறகுதான் தெரியும். கட்டியதை இடித்துத் திரும்பக் கட்ட வேண்டிவரும். பண்டிகைக் கால விற்பனைத் தேதியோ நகராது. ஆனால் 2004 நவம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரின் துணைவி பெயர் சொல்லாமல் வெளியிட்ட கடிதத்தைப் படித்தால் வேறு சித்திரம் கிடைக்கிறது. (எழுதியவர் எரின் ஹாஃப்மன் என்பது பின்னர் தெரியவந்தது.) அங்கே கிரஞ்ச் கடைசி நேர விபத்தாக வரவில்லை, படிப்படியாக அட்டவணை போட்டு ஏற்றப்பட்டு, காலை ஒன்பது முதல் இரவு பத்துவரை, வாரம் ஏழு நாளும் என்ற இடத்துக்கு வந்து நின்றது. தொடர்ந்த வழக்குகளில் ஓவியக் கலைஞர்களுக்கு 156 லட்சம் டாலரும் புரோகிராமர்களுக்கு 149 லட்சம் டாலரும் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

ஓவர்டைம் கொடுத்துவிட்டால் கிரஞ்ச் போய்விடுமா என்றால் அதுவும் இல்லை. கட்டாயக் கிரஞ்ச் கிடையாது என்று 2019இல் சொன்ன போலந்தின் சிடி புராஜெக்ட், ‘சைபர்பங்க் 2077’க்காக 2020 செப்டம்பரில் ஆறு நாள் வாரத்தைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டுச் சட்டப்படி கூடுதல் ஊதியம் உண்டு. ஆண்டு லாபத்தில் 10 சதவீதப் பங்கும் உண்டு. அப்படியும் டிசம்பர் 10 அன்று வந்த கேமை எட்டே நாளில் சோனி தன் கடையிலிருந்து எடுக்க நேர்ந்தது. ஆகவே பெயர்தான் கிரஞ்சை உண்டாக்குகிறது என்று நான் சொல்லவில்லை. தேதியும் முதலீடும் அதை உண்டாக்குகின்றன. மாட்டிக்கொண்டவர் கதவைத் திறந்து வெளியே போக முடியாதபடி செய்வதில்தான் பெயருக்குப் பங்கு.

கீழ்ப்படியில் இருப்பவர்களுக்கு இந்தப் பங்கு இன்னும் கனமானது. ஒரு டெஸ்டரின் வேலையை எடுத்துக்கொள்வோம். காலையில் வந்த பில்டை ஏற்றிக்கொண்டு, ஒரே அறையின் சுவரை அங்குலம் அங்குலமாக முட்டிப் பார்க்கிறார். ஏதோ ஒரு மூலையில் கதாபாத்திரம் தரையைப் பிய்த்துக்கொண்டு கீழே விழுகிறது. ஒருமுறை விழுந்தால் போதாது. திரும்பவும் விழவைக்க வேண்டும். இல்லையேல் ‘எங்களுக்கு வரவில்லை’ என்ற குறிப்போடு அந்த பக் மூடப்படும். கேமராவைத் திருப்பி, குனிந்து, குதித்து, மறுபடி குதித்து, விழும் வரிசையைக் கண்டுபிடித்து, பில்டு எண்ணோடு எழுதி அனுப்புகிறார். பக் சரியானதும் அவர் செய்ததன் தடயமே கேமில் இருக்காது. கலைஞராவது தான் வரைந்த குதிரையைக் காட்டலாம்; டெஸ்டருக்குக் காட்ட ஒன்றும் இல்லை, பெயரைத் தவிர. மொழிபெயர்ப்பாளர் நிலையும் ஏறக்குறைய இதுதான். 2023இல் ‘பால்டர்ஸ் கேட் 3’ வந்தபோது மொழிபெயர்த்தவர்களின் பெயர்கள் விடுபட, அதைச் செய்துகொடுத்த ஒப்பந்த நிறுவனம் வருத்தம் தெரிவித்தது.

ஹாலிவுட்டில் திரைக்கதைக்கு யார் பெயர் என்ற தகராறு வந்தால் எழுத்தாளர் சங்கம் தீர்க்கும்; ஸ்டுடியோவுக்கு அதில் கடைசி வார்த்தை இல்லை. கேம் துறையில் சர்வதேச கேம் டெவலப்பர்கள் சங்கம் விதிமுறைகளை எழுதிவைத்திருக்கிறது, ஆனால் அவற்றை ஏற்பது அவரவர் விருப்பம். மீறினால் கேட்க ஆளில்லை. மைக்ரோசாஃப்ட்டுக்குச் சொந்தமான ஜெனிமேக்ஸின் டெஸ்டர்கள் 2023இல் தொழிற்சங்கம் அமைத்து 2025இல் முடித்த முதல் ஒப்பந்தம் அங்கேதான் முக்கியமாகிறது. சம்பள உயர்வு, குறைந்தபட்ச ஊதியம் ஆகியவற்றோடு கிரெடிட்ஸில் பெயர் சேர்ப்பதும் அதில் ஒரு ஷரத்து. அமெரிக்காவிலுள்ள அந்த டெஸ்டர்களுக்கு மட்டுமே அது செல்லும். அயல்நாட்டு ஸ்டுடியோக்களுக்காகப் பெங்களூரில் காரும் கட்டடமும் வரைந்து அனுப்பும் ஒப்பந்தக் கலைஞருக்குப் பெயர் கிடைப்பது இன்னும் வேலை கொடுப்பவரின் தயவில்தான் இருக்கிறது.