சாப்பிடாத சிலந்தியும் ஒரு பார்சலும்

2021 ஆம் ஆண்டு ஜூலை மாதம். போலந்து நாட்டிலிருந்து சென்னை வெளிநாட்டு அஞ்சலகத்திற்கு ஒரு பார்சல் வந்தது. போய்ச் சேர வேண்டிய ஊர் அருப்புக்கோட்டை. சந்தேகப்பட்ட விமான நிலைய சுங்க அதிகாரிகள் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே ஒரு தெர்மாகோல் பெட்டி. அதற்குள் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சின்ன பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் உயிரோடு ஒரு சிலந்தி!

தாம்பரம், செம்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு மீனம்பாக்கத்தில் தங்கம் பிடிபட்டது என்பது பழகிப்போன செய்தி. சிலந்தி பிடிபட்டது புதுசு. வந்தவை மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த டாரன்டுலா வகைகள் என்று இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையினர் அடையாளம் சொன்னார்கள். இறக்குமதி உரிமமும் இல்லை, உடல்நலச் சான்றிதழும் இல்லை. எனவே வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப முடிவானது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. சோறு தண்ணீர் இல்லாமல் இத்தனை தூரம் அவை எப்படி உயிரோடு வந்தன?

பதில் டாரன்டுலாவின் உடம்பிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் பேர்க் பல ஆண்டுகள் இவற்றை வளர்த்துக் கவனித்தவர். வளர்ந்த டாரன்டுலா இரண்டு ஆண்டுகளுக்கு மேல்கூட உணவின்றி உயிர் வாழும் என்று அவர் பதிவு செய்தார். 1958 இல் அவரது புத்தகம் வெளிவந்தது. குட்டிகளுக்கு அவ்வளவு தாக்குப்பிடிக்கும் சக்தி கிடையாது. ஆனாலும் சில வாரங்கள் பட்டினி கிடப்பது அவற்றுக்குப் பெரிய விஷயமில்லை.

குட்டி சாப்பிட மறுப்பதற்கு முக்கியமான காரணம் தோலுரிப்பு. அதற்கு முன் வயிறு உப்பி, நிறம் மங்கி, சிலந்தி அசையாமல் இருக்கும். பிறகு மல்லாந்து படுத்துப் பழைய தோலைக் கழற்றும். புதியவர்கள் இதைச் சாவு என்று நினைத்துப் புரட்டிப் போடுவதுண்டு. அதுதான் ஆபத்து. புதுத் தோல் மெத்தென்று இருக்கும், விஷப்பற்களும் இறுகியிருக்காது. அந்த நேரத்தில் 'பாவம், பசிக்குமே' என்று உயிருள்ள வெட்டுக்கிளியை உள்ளே விட்டால் இரையே சிலந்தியைக் கடித்துக் குதறிவிடும். இரையை எடுத்துவிட்டு, தண்ணீர் மட்டும் வைத்து, பற்கள் கறுத்து இறுகும்வரை காத்திருப்பதே சரியான பராமரிப்பு. வயிறு சுருங்கிப் போயிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதல் தேவை தண்ணீர்.

இந்தப் பட்டினித் திறனே வியாபாரிகளுக்கு வசதியாகிவிட்டது என்பதுதான் சோகம். பறவையையோ குரங்கையோ சத்தமில்லாமல் தபாலில் அனுப்ப முடியாது. சிலந்திக்குட்டியை அனுப்பலாம்.

இந்த வியாபாரத்தில் நம் பக்கத்துச் சிலந்திகளும் தப்பவில்லை. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குத்தியில் (இன்று ஆந்திரா) கிடைத்த நீலநிற டாரன்டுலாவை 1899 இல் போகாக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் விவரித்தார். அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு அது யார் கண்ணிலும் படவில்லை. 2001 இல் நந்தியால், கித்தலூர் இடையே உள்ள காட்டில்தான் மீண்டும் தென்பட்டது. ஆனால் வெளிநாட்டு வளர்ப்புச் சந்தையில் அது சீக்கிரமே பிரபலமாகிவிட்டது. 2008 இல் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே இனக்குழுவைச் சேர்ந்த ராமேஸ்வரம் சிலந்தி 2004 இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. அதற்கும் இதே கதிதான். 2019 இல் இந்த இனக்குழு முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தது.

இந்தியச் சட்டமும் மாறியது. 2022 இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. சர்வதேசப் பட்டியலில் உள்ள உயிரினத்தை வீட்டில் வைத்திருப்பவர் அதை அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.

குப்பிக்குள் இருக்கும் குட்டி பசிக்கிறது என்று கத்தாது. காட்டில் அந்தப் பொறுமை அதன் உயிரைக் காப்பாற்றியது. பார்சலுக்குள் அதே பொறுமைதான் அதைச் சரக்காக்கிவிட்டது.